பற்களில் வெண்புள்ளிகள்: காரணங்களும் சிகிச்சையும்

குழந்தையின் மேல் முன்பற்களில், ஈறை ஒட்டினாற்போல் சுண்ணாம்பு தடவியது போன்ற ஒரு வெண்கோடு தெரிந்தால், பெற்றோர் பலர் அதைப் பால் படிந்ததாகவே எண்ணுகின்றனர். துணியால் துடைத்துப் பார்க்கின்றனர். போகவில்லை என்றால் கால்சியம் குறைவு என்று முடிவு செய்து சத்து மருந்து வாங்குகின்றனர். இதற்குள் சில மாதங்கள் கழிந்துவிடுகின்றன. அந்த வெண்கோடு பற்சொத்தையின் தொடக்கமாக இருக்கக்கூடும். பல்லைக் குடையாமலே சொத்தையைத் தடுத்து மீட்கக்கூடிய நிலை அது. குழி விழுந்த பின் அவ்வாய்ப்பு இல்லை. ஆகவே பல்லில் காணும் வெண்மை எவ்வகையைச் சேர்ந்தது என அறிவது அழகு பற்றிய செய்தி மட்டும் அன்று.

பல்லின் மேலுறையான எனாமல், எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு தாதுப்பொருளால் ஆனது. தாது செறிந்திருக்கும்வரை ஒளி அதனுள் ஊடுருவிச் செல்லும். தாது குறைந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டாகி, ஒளி சிதறுவதால் அவ்விடம் வெண்மையாகத் தெரிகிறது. மெல்லிய வெள்ளைத் துணி நனைந்திருக்கும்போது உள்ளே இருப்பது தெரியும், காய்ந்ததும் மறைத்துவிடும். பல்லிலும் இதுவே நிகழ்கிறது. பல் மருத்துவர் காற்றூதிப் பல்லை உலர்த்திப் பார்ப்பது இதனால்தான். உலர்ந்தபின் மட்டுமே தெரியும் புள்ளி ஆழமற்றது. ஈரத்திலேயே தெரிவது ஆழமானது. வாயைத் திறந்து உறங்குவோர்க்குக் காலையில் புள்ளிகள் மிகுந்து தோன்றுவதும் இக்காரணத்தாலேயே. அதற்காக அஞ்ச வேண்டியதில்லை.

இனிப்பை உண்ணும் கிருமிகள் அமிலத்தைச் சுரக்கின்றன. பல்லின் மேற்பரப்பில் அமில-காரக் குறியீடு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் தாது கரையத் தொடங்கும். உணவுக்கு இடைப்பட்ட நேரத்தில் உமிழ்நீர் அத்தாதுவைத் திருப்பித் தருகிறது. உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால், சர்க்கரை கலந்த பாலைப் புட்டியில் குடித்தபடியே உறங்கும் குழந்தைக்கு இழப்பு மட்டுமே மிஞ்சுகிறது. கீழ் முன்பற்களை நாக்கும் உமிழ்நீரும் காக்கின்றன. மேல் முன்பற்களே முதலில் பாதிக்கப்படுகின்றன. பல் சீரமைப்புக் கம்பி அணிந்தோர் சரியாகத் துலக்காவிட்டால், கம்பியை அகற்றும்போது அது ஒட்டியிருந்த இடத்தைச் சுற்றி வெண்சட்டங்கள் தெரிவதும் இவ்வகையே. மங்கலாகவும் சொரசொரப்பாகவும் உள்ள புள்ளி இன்னும் பரவிக்கொண்டிருப்பது; வழவழப்பாகப் பளபளப்பது பெரும்பாலும் நின்றுவிட்டது.

ஃபுளூரைடு மிகுந்த நீரால் வரும் வெண்மை வேறு வகை. பல் முளைப்பதற்கு முன், தாடைக்குள் எனாமல் உருவாகும் காலத்திலேயே அது நேர்ந்துவிடுகிறது. ஏறத்தாழ 8 வயதுக்குப் பின் முன்பற்களில் இது புதிதாக ஏற்படாது. வலம் இடம் இரண்டிலும் ஒத்த பற்களில் மெல்லிய குறுக்குக் கோடுகளாகவோ மேகத்திட்டுகளாகவோ காணப்படும், கடுமையானால் பழுப்பேறும். 1937-இல் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இந்நோய் பதிவாயிற்று. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளூரைடு மிகுதி என்பதாலேயே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் உருவாகி, 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம்வரை அனுமதி உண்டு. கொதிக்க வைப்பதால் ஃபுளூரைடு நீங்காது. நீர் ஆவியாகக் குறைவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். இத்தகைய பற்களை உடையோர் பல் துலக்காதவர் என்று இகழப்படுவதுண்டு. அது அறியாமையே, குறை அவர்களிடம் இல்லை.

ஒரே ஒரு பல்லில் மட்டும் புள்ளி இருந்தால், அதற்கு முன்பிருந்த பால் பல் அடிபட்டதா, சீழ் வைத்ததா என்று நினைவுகூர்க. 6 வயதில் முளைக்கும் கடைவாய்ப் பற்களில் தெளிவான எல்லையுடன் வெள்ளை அல்லது மஞ்சள் திட்டு இருந்து, குளிர்ந்த நீர் பட்டாலே குழந்தை கூசினால், தாமதிக்காமல் வருக. அப்பற்கள் மெல்லும்போதே பொடிந்துவிடக்கூடியவை.

எலுமிச்சைச் சாறு, கரித்தூள், செங்கற்பொடி ஆகியவற்றால் தேய்ப்பது எவ்வகை வெண்மைக்கும் தீர்வு ஆகாது. முன்னது எனாமலைக் கரைக்கும், பின்னவை தேய்க்கும். அதுபோலவே, ஃபுளூரைடு என்ற சொல்லைக் கேட்டு அஞ்சிப் பற்பசையையே கைவிடுவதும் தவறு. 3 வயதுக்கு உட்பட்டோர்க்கு அரிசி அளவும், 3 முதல் 6 வயதுவரை பட்டாணி அளவும் போதும். விழுங்காமல் துப்பப் பழக்க வேண்டும்.

தொடக்க நிலைச் சொத்தைக்கு 5 விழுக்காடு சோடியம் ஃபுளூரைடு கலந்த பூச்சைப் பல் மருத்துவர் 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை தடவுவார். சில நிமிடங்களே ஆகும், வலி இராது. பால்புரதம் கலந்த தாதுப் பசையும் உண்டு. பால் ஒவ்வாமை உடையோர் அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். இரவுப் புட்டியை நிறுத்தாமல் பூச்சு மட்டும் தடவிக்கொள்வதில் பயன் சொற்பம். கம்பி அகற்றியபின் சில மாதங்கள் பொறுத்திருப்பது நல்லது. உமிழ்நீராலேயே சில புள்ளிகள் மங்கும்.

மங்காமல் நிற்பவற்றுக்கு, அமிலப் பசையால் மேற்பரப்பைத் திறந்து, நீர்போன்ற பிசினை நுண்துளைகளுக்குள் ஊறச் செய்யும் முறை உள்ளது. குடைதலும் ஊசியும் இன்றி, பெரும்பாலும் ஒரே அமர்வில் முடியும். குழி விழுந்த பல்லுக்கு இது பொருந்தாது. ஃபுளூரைடால் வந்த ஆழமற்ற கறைக்கு, எனாமலின் மிக மெல்லிய அடுக்கை மட்டும் தேய்த்து நீக்கலாம். வெண்மையாக்கும் மருந்து புள்ளியை நீக்குவதில்லை. சுற்றியுள்ள பல்லை வெளுக்கச் செய்து வேறுபாட்டைக் குறைக்கிறது. முதற்சில நாட்களில் புள்ளி இன்னும் எடுப்பாகத் தெரிவது இயல்பே. பல்லின்மேல் ஒட்டும் வெனீர் எனும் மெல்லிய தகட்டை இறுதியாகவே நாடுக. அதற்காக நல்ல எனாமலையும் செதுக்க நேரிடலாம். சில ஆண்டுகளில் அதை மாற்றவும் வேண்டியிருக்கும்.

பரிசோதனைக்கு வரும்போது, பல் முளைத்தபோதே வெண்மை இருந்ததா, பின்னர் வந்ததா என்பதைச் சொல்ல ஆயத்தமாக இருங்கள். அது நினைவில் இல்லையெனில், குழந்தை சிரிக்கும் பழைய புகைப்படங்களை எடுத்து வாருங்கள். 8 வயதுவரை எந்த ஊரில் வாழ்ந்தீர்கள், எந்நீரைப் பருகினீர்கள் என்பதையும் மருத்துவர் கேட்பார்.