கோடை விடுமுறையும் பிள்ளைகளின் கல்வியும்

ஜும்ஆ உரை – அசோக் நகர், சென்னை

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. அவனுடைய தூதர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலாத்தும் ஸலாமும் உண்டாவதாக. அல்லாஹ்வை அஞ்சி வாழுமாறு எனக்கும் உங்களுக்கும் முதலில் நினைவூட்டிக் கொள்கிறேன்.



பரீட்சைகள் முடிந்துவிட்டன. ஜூனில் பள்ளி திறக்கும் வரை பிள்ளைகள் வீட்டில்தான். வெளியே கத்திரி வெயில், உள்ளே செல்போன். ஏப்ரலில் வாய்ப்பாட்டைச் சரளமாகச் சொன்ன பிள்ளை ஜூனில் திணறுகிறது. மதரஸாவில் மனனம் செய்த சூராக்களுக்கும் அதே கதிதான். இதில் மார்க்கம் நமக்குக் காட்டும் வழி என்ன என்று இன்று பார்ப்போம்.

தொடாத கல்வி நழுவும்

குர்ஆனை மனனம் செய்தவரை, ஒட்டகங்களைக் கட்டி வைத்திருப்பவருக்கு நபி (ஸல்) அவர்கள் ஒப்பிட்டார்கள். கவனித்துக் கொண்டே இருந்தால் அவை அவரிடம் இருக்கும். விட்டுவிட்டால் ஓடிவிடும் (புகாரி, முஸ்லிம்). ஒவ்வொரு ரமளானிலும் ஜிப்ரீல் (அலை) அவர்கள் வந்து நபியவர்களுடன் குர்ஆனை ஓதிச் சரிபார்த்தார்கள். நபியவர்கள் வஃபாத்தான ஆண்டில் இருமுறை. அல்லாஹ்வின் கலாமுக்கே இந்தப் பராமரிப்பு தேவை என்றால், நம் பிள்ளையின் வகுத்தல் கணக்கு எம்மாத்திரம்?

சூரா அந்நஹ்லின் 92-ஆம் வசனத்தில், உறுதியாக நூற்ற நூலைத் தானே பிரித்துப் போட்ட பெண்ணின் உவமை வருகிறது. அது உடன்படிக்கையை முறிப்பவர்களுக்குச் சொல்லப்பட்டது. ஆனாலும், பத்து மாத உழைப்பை ஒன்றரை மாதத்தில் பிரித்துப் போடும் நமக்கும் அதில் படிப்பினை இருக்கிறது.

தமிழ்நாடு கண்ட பாடம்

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஏறத்தாழ 19 மாதங்கள். நம் மாநிலக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளிடம் ஆய்வாளர்கள் ஓர் ஆய்வு நடத்தினார்கள். 2019-இல் அதே வயதுக் குழந்தைகள் இருந்த நிலையைவிட இவர்கள் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். கணக்கில் ஏற்பட்ட இழப்பு, மொழியில் ஏற்பட்டதைப் போல் இரு மடங்கு.

நற்செய்தியும் இருந்தது. பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடானது. அப்படி மீண்டதில் ஏறக்குறைய கால் பங்குக்கு 'இல்லம் தேடிக் கல்வி' காரணம் என்று அந்த ஆய்வு கணித்தது. 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய திட்டம் அது. அதே பகுதியைச் சேர்ந்த தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். கோடை விடுமுறையின் இழப்பு அந்த அளவுக்குப் பெரிதல்ல. மருந்து மட்டும் அதுவேதான்.

குறைவாக, ஆனால் நாள்தோறும்

குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமானது என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் கூறுகிறது (புகாரி, முஸ்லிம்). நபியவர்களின் கட்டளைப்படி ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்கள் யூதர்களின் எழுத்தை அரை மாதத்திற்குள் கற்றுக்கொண்டார்கள் (திர்மிதீ). நம் பிள்ளைக்கு அதைப்போல் மூன்று மடங்கு நாட்கள் இருக்கின்றன. விளையாட்டு பிள்ளைகளின் உரிமை. அதைப் பறிக்க வேண்டாம். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் போதும்.

- ஃபஜ்ருக்குப் பின் குர்ஆன். புதிய பாடம் வேண்டாம்; மனனம் செய்ததைத் திருப்பி ஓதட்டும்.
- இருபது நிமிடம் தமிழிலோ ஆங்கிலத்திலோ வாய்விட்டு வாசிக்கட்டும். அத்தாவோ அம்மாவோ பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவும் உண்டு.
- மளிகைச் சீட்டைப் பிள்ளை எழுதட்டும், மீதிச் சில்லறையைப் பிள்ளை எண்ணட்டும். ஜகாத்தின் நாற்பதில் ஒரு பங்கை அவர்களையே கணக்கிடச் சொல்லுங்கள்.
- பின்னக் கணக்குக்கு வாரிசுரிமைச் சட்டத்தை எடுங்கள். ஒருவர் மனைவி, தாய், ஒரு மகனை விட்டு இறந்தார். சொத்து 2,40,000 ரூபாய். மனைவிக்கு எட்டில் ஒன்று, 30,000. தாய்க்கு ஆறில் ஒன்று, 40,000. மீதி 1,70,000 மகனுக்கு. பாக்தாதில் அல் குவாரிஸ்மி இயற்கணித நூல் எழுதியபோது, இப்படிப்பட்ட பாகப் பிரிவினைக் கணக்குகளுக்கு அதில் பெரும் பகுதியை ஒதுக்கினார்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை

சகோதரர்களே! நம்மில் வசதியுள்ளவர்கள் பிள்ளைகளைக் கோடை முகாமுக்கு அனுப்பிவிடுவோம். அடுக்குமாடி வாட்ச்மேனின் மகள் எங்கே போவாள்? தெருமுனையில் இஸ்திரி போடுபவரின் மகன்? ஜூனில் இவர்கள் அதே வகுப்பறையில் நம் பிள்ளைகளுக்கு ஓரடி பின்னால் உட்காருவார்கள். அந்த ஓரடி ஆண்டுதோறும் கூடி, பத்தாம் வகுப்பில் படிப்பையே நிறுத்திவிடும்.

அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) அவர்கள் வலியுறுத்திக்கொண்டே இருந்ததால், அவர்களை வாரிசாக்கிவிடுவாரோ என்று நபியவர்கள் எண்ணினார்கள் (புகாரி, முஸ்லிம்). அண்டை வீட்டார் எந்த மதத்தவராயினும் அந்த உரிமை உண்டு. பத்ருப் போர்க் கைதிகளில் ஈட்டுத்தொகை கொடுக்க இயலாதவர்கள், அன்ஸாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக் கொடுத்தே விடுதலை பெற்றார்கள் (அஹ்மத்). ஒரு பிள்ளைக்கு எழுத்தறிவிப்பதை நபியவர்கள் அவ்வளவு மதித்தார்கள்.

நம் மஹல்லாவின் கல்லூரி மாணவ மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள். அஸருக்குப் பின் ஒரு மணி நேரம், ஆளுக்கு இரண்டு பிள்ளைகள். பள்ளி திறக்கும் வரை மட்டும். வாசிக்க வையுங்கள், வாய்ப்பாடு கேளுங்கள். பெற்றோர்களே, உங்கள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து இடம் கொடுங்கள்.

நாம் ஒவ்வொருவரும் பொறுப்பாளர். பொறுப்பைப் பற்றி விசாரிக்கப்படுவோம். யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்கும் எங்கள் அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்கும் பயனுள்ள கல்வியைத் தருவாயாக! கற்றதை நிலைக்கச் செய்வாயாக! ஆமீன்.