குழாய் இணைப்பில் சாய்வுக் கோணம்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் ஒரகடம் என்னும் ஊர் உளது. அதற்கு வடக்கே, இராமாநுசர் பிறந்தமையால் புகழ்பெற்ற திருப்பெரும்புதூர் உளது. ஏரியும் வயலும் சூழ்ந்திருந்த இப்பகுதி இந்நாளில் ஆலைகள் நிறைந்த நிலமாயிற்று. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998ஆம் ஆண்டில் கார்களை ஆக்கத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. ஆலையினின்று வெளிப்போதரும் வண்டிகளை வியந்து நோக்கும் நாம், உள்ளே ஓடும் குழாய்களை எண்ணுவதில்லை. அழுத்தக் காற்றும், குளிர்விக்கும் நீரும், தீயணைக்கும் நீரும் அவற்றின் வழியே செல்கின்றன. குழாயின் வலிமை அதன் இணைப்பின் வலிமையே. அவ்விணைப்பின் வலிமையோ, பற்றவைக்குமுன் குழாயின் வாயைச் சீவும் கோணத்தைப் பெரிதும் சார்ந்தது. அக்கோணத்தைக் கணக்கிடும் முறையை ஈண்டு ஆராய்வோம்.

இலக்கணம் பயிலும் நமக்கு இக்கருத்து முற்றும் புதியதன்று. நிலைமொழியும் வருமொழியும் புணருங்கால், அவற்றின் ஈறும் முதலும் எவ்வாறு அமைந்துள என்பதை முதலில் நோக்குகின்றோம். இரும்புக் குழாய்கள் இணையுங்காலும் முனைகளின் அமைதியே முதற்கண் நோக்கத்தக்கது.

முனையைச் சீவுதல் எற்றுக்கு? தட்டு ஒன்றை இருபுறத்தும் பற்றவைக்கலாம். குழாயின் உட்புறத்திலோ கை புகுதல் பெரும்பாலும் அரிது. ஆகலின் இணைப்பு முழுவதையும் வெளியினின்றே செய்தல் வேண்டும். 8 மி.மீ. தடித்த சுவருடைய இரு குழாய்களை நேராக வெட்டி நெருக்கி வைத்தால், மின்பொறியின் வெப்பம் அடிவரை செல்லாது. மேலே நன்கு ஒட்டியதுபோல் தோன்றும். அடியிலோ பிளவு எஞ்சி நிற்கும். அப்பிளவு அழுத்தத்தால் வளர்ந்து ஒருநாள் வெடிக்கும். இதனைத் தவிர்க்கவே முனைகளைச் சாய்வாகச் சீவி, இரண்டிற்கும் இடையே ஆங்கில 'வி' எழுத்தின் வடிவில் பள்ளம் அமைக்கின்றனர். தொழிலாளர் இச்சாய்வைப் 'பெவல்' என்பர். அடியில் சீவாது விடும் சிறு விளிம்பு 'ரூட் ஃபேஸ்' எனவும், இரு குழாய்களுக்கும் நடுவே விடும் இடைவெளி 'ரூட் கேப்' எனவும் வழங்கும்.

சாய்வு மிகக் குறுகின் பற்றவைக்கும் கம்பி அடியைச் சேராது. கசடு இடையே சிக்கும். மிக விரியின் நிரப்பவேண்டிய உலோகமும் காலமும் பெருகும். சூடு மிகுந்து, ஆறுங்கால் இணைப்பு சுருங்கிக் கோணும். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் பி16.25 என்னும் விதி, 22 மி.மீ. வரையுள்ள சுவருக்குப் பொதுவாக 37½ பாகைச் சாய்வு கூறுகின்றது. 2½ பாகை கூடினும் குறையினும் ஏற்கும். இங்கே முதல் எச்சரிக்கை ஒன்று உண்டு. 37½ பாகை என்பது ஒரு குழாயின் சாய்வு; இரண்டும் சேர்ந்த பள்ளத்தின் கோணம் 75 பாகை. வரைபடம் குறிப்பது ஒரு முனையின் கோணமோ, பள்ளத்தின் முழுக்கோணமோ என்று தெளிந்த பின்னரே வெட்டுதல் வேண்டும்.

இனிக் கணக்கைக் காண்போம். சுவர் 8 மி.மீ.; விளிம்பு 1½ மி.மீ.; இடைவெளி 3 மி.மீ. எனக் கொள்வோம். சீவும் ஆழம் 6½ மி.மீ. 37½ பாகையின் டான்ஜென்ட் 0.767. இவ்விரண்டையும் பெருக்க ஏறத்தாழ 5 மி.மீ. வரும். அஃதாவது, குழாயின் மேல்விளிம்பு முனையினின்று 5 மி.மீ. பின்வாங்கி நிற்றல் வேண்டும். கோணமானி இல்லாதவிடத்தும் அளவுகோல் ஒன்றினால் இதனைச் சோதிக்கலாம். பள்ளத்தின் மேலகலம் இருபுறத்தும் 5, நடுவே 3, ஆக 13 மி.மீ. நிரப்பவேண்டிய பரப்போ, சாய்வுகளுக்கு 32½, இடைவெளிக்கு 24, ஆக 56½ சதுர மி.மீ. சாய்வை 45 பாகையாக்கின் அப்பரப்பு 66 சதுர மி.மீ.க்கு மேற்படும். ஆறில் ஒரு பங்கு உழைப்பும் கம்பியும் வீணாம்.

சுவர் தடிக்குந்தோறும் இவ்வீண் பெருகும். திருச்சிராப்பள்ளியில் 1965ஆம் ஆண்டு முதல் இயங்கும் பெல் ஆலை உயரழுத்தக் கொதிகலன்களை ஆக்குவது. பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையமும் அங்கு 1975ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அத்தகைய கொதிகலன்களில் தடித்த சுவர்கள் இயல்பு. 40 மி.மீ. சுவரை ஒரே சாய்வாக 37½ பாகையில் சீவினால் பள்ளத்தின் மேலகலம் 62 மி.மீ. ஆகும். ஆதலின் 22 மி.மீ.க்கு மேற்பட்ட சுவருக்கு இரட்டைச் சாய்வு வகுத்தனர்: உட்புறத்தினின்று 19 மி.மீ. உயரம்வரை 37½ பாகை. அதற்குமேல் 10 பாகை. இவ்வாறு செய்யின் மேலகலம் 37 மி.மீ. அளவில் நிற்கும், நிரப்பும் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு குறையும். கம்பி செல்லுதற்கு அடியில் அகலம் வேண்டும். மேலே அது தானே உளதாகலின் அங்கே சாய்வு குறையினும் இழுக்கில்லை.

இதுகாறும் நேர்க்குழாய்களைக் கண்டோம். இடர் மிக்கது வளைவே. பெருங்குழாய்களுக்குத் துண்டுகளைச் சாய்வாக வெட்டி இணைத்து வளைவு அமைப்பதுண்டு. மூன்று துண்டுகளால் 90 பாகை திரும்பவேண்டுமாயின் இணைப்பு இரண்டு; ஒவ்வோர் இணைப்பிலும் இரு முனைகள். 90ஐ நான்கால் வகுக்க, ஒவ்வொரு முனையும் 22½ பாகை சாய்த்து வெட்டப்படும். இதன்மேல் பெவல் எவ்வளவு? எல்லா இடத்தும் 37½ என்று விடையளிப்பது எளிது, அவ்விடை பிழையாம்.

காரணம் யாதெனின், கூறுவோம். கம்பி புகுதற்கு வேண்டிய 75 பாகை, இரு குழாய்களும் சந்திக்கும் தளத்தினின்று அளக்கப்படுவது. வெட்டும் கருவியோ குழாயின் மேற்பரப்பை ஆதாரமாகக் கொண்டு சாய்கின்றது. நேர்க்குழாயில் இவ்விரண்டும் ஒன்றே. வளைவில் வேறுபடும். வளைவின் வெளிப்புறத்தே, துண்டின் நீண்ட பக்கத்தில், முனை முன்னரே 22½ பாகை கூர்ந்துள்ளது; ஆண்டு 37½இல் 22½ கழித்து, கருவியை 15 பாகையே சாய்த்தல் வேண்டும். உட்புறத்தே, குறுகிய பக்கத்தில், அதனைக் கூட்டி 60 பாகை சாய்த்தல் வேண்டும். இரு விலாப்புறங்களில் மட்டும் 37½ பொருந்தும். இடைப்பட்ட இடங்களில் சாய்வு 15இலிருந்து 60வரை படிப்படியாக மாறிச் செல்லும்.

இதனையறியாது சுற்றிலும் 37½ பாகையே வைத்து வெட்டின் யாது நிகழும்? வெளிப்புறத்தே பள்ளம் 120 பாகையாக வாய்பிளக்கும். உட்புறத்தே 30 பாகையாகக் குறுகும். அக்குறுகிய மூலையில் கம்பி அடி சேராது. எக்ஸ் கதிரால் சோதிக்குங்கால் அவ்விடத்தே குறை தோன்றும். அப்பொழுது பழி யார்மேல் விழும்? பற்றவைத்தவன் கை சரியில்லை என்பர். அவனோ எவரினும் திறமையாகச் செய்திருக்கலாம்; ஆனால் கை நுழையாத பள்ளத்தை அவனிடம் கொடுத்தவர், கணக்கைத் தவறவிட்டவரே. இணைப்பை அறுத்து மீண்டும் செய்வதில் அவன் உழைப்பும் ஊதியமும் பாழாகும். சோதிக்கப்படாது சென்றாலோ உயிர்க்கே கேடு நேரலாம்.

ஆகவே, எந்த எண்ணையும் அது எதனினின்று அளக்கப்பட்டது என்று வினவிய பின்னரே கைக்கொள்ளல் வேண்டும். 37½ என்பதை மனப்பாடம் செய்தவன் நேர்க்குழாயில் வெல்வான், வளைவில் தோற்பான். அவ்வெண் சந்திக்கும் தளத்தைச் சார்ந்தது என்று அறிந்தவன் இரண்டிலும் வெல்வான்.

இவையெல்லாம் கூட்டலும் கழித்தலும் சிறிது திரிகோண கணிதமுமே. பள்ளியிறுதி வகுப்பு முடித்த எவரும் தமிழில் எளிதிற் கற்கலாம். தொழிற்பயிற்சி நிலையத்தினின்று நேரே ஆலை புகும் நம் இளைஞர்க்கு, அளவைச் சொல்லுவதோடு அதன் காரணத்தையும் அவர்தம் மொழியிலே சொல்லுதல் கற்றோர் கடனாகும். காரணம் அறிந்த கை பிழைபட்ட வரைபடத்தைக் கண்டவிடத்துத் தயங்கி நின்று வினவும். அவ்வினா ஒன்றே பல இணைப்புகளைக் காக்கும்.