வரலாற்றுப் புதினம்: நிறையும் குறையும்

நுழையும் முன்

பெங்களூரு மாநகரில் புலிகேசி நகர் என்னும் பகுதி உள்ளது. முன்பு பிரேசர் டவுன் என வழங்கிய இப்பகுதிக்குச் சாளுக்கியப் பேரரசன் இரண்டாம் புலிகேசியின் பெயர் சூட்டப்பட்டது. கன்னட மக்கள் அவனை ‘இம்மடி புலிகேசி’ எனப் பெருமையுடன் போற்றுகின்றனர். 1967ஆம் ஆண்டில் ராஜ்குமார் நடிப்பில் அவனைப் பற்றிய கன்னடத் திரைப்படமும் வெளிவந்தது. அதே புலிகேசி, தமிழர் பலர் விரும்பிப் படிக்கும் ஒரு புதினத்தில் கொடிய பகைவனாக வருகிறான். ஒரே மன்னனுக்கு இரு முகங்கள் அமைந்தது எவ்வாறு? வரலாற்றுப் புதினத்தின் நிறைகுறைகளை அறிந்தால் இவ்வினாவிற்கு விடை கிடைக்கும்.

சிவகாமியின் சபதம்

வரலாற்றில் வாழ்ந்த மாந்தரையும் நடந்த நிகழ்ச்சிகளையும் களமாகக் கொண்டு, கற்பனை கலந்து எழுதப்படும் நெடுங்கதையே வரலாற்றுப் புதினம். தமிழில் இவ்வகைக்குப் பெரும் வாசகர் கூட்டத்தை உருவாக்கியவர் கல்கி எனப்படும் ரா. கிருஷ்ணமூர்த்தி (1899–1954). அவர் எழுதிய ‘சிவகாமியின் சபதம்’ 1944 முதல் 1946 வரை கல்கி வார இதழில் தொடராக வெளிவந்தது. நான்கு பாகங்களைக் கொண்ட அப்புதினத்தின் களம் ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ நாடு.

புலிகேசி பெரும்படையுடன் காஞ்சியை முற்றுகையிடுகிறான். மகேந்திரவர்மப் பல்லவன் நகரைக் காக்கிறான். சிற்பி ஆயனரின் மகளும் நாட்டியக் கலைச்செல்வியுமான சிவகாமி சிறைப்பட்டு வாதாபிக்குக் கொண்டு செல்லப்படுகிறாள். மகேந்திரவர்மனின் மகன் நரசிம்மவர்மன் அவ்வூரை எரித்துத் தன்னை மீட்கும்வரை அங்கிருந்து வெளியேறுவதில்லை என அவள் சூளுரைக்கிறாள். பல ஆண்டுகளுக்குப் பின் வாதாபி எரிகிறது. இதுவே கதையின் சுருக்கம்.

நிறைகள்

முதலாவது நிறை, அறியாத காலத்தைக் கண்முன் நிறுத்துதல். பல்லவர் வரலாற்றை ஆய்வாளர்கள் கல்வெட்டுகளிலிருந்தும் செப்பேடுகளிலிருந்தும் சிறிது சிறிதாகத் தொகுத்தனர். அந்நூல்களைப் படித்தோர் சிலரே. வார இதழ்த் தொடரோ இல்லந்தோறும் சென்றது. மாமல்லபுரத்துப் பாறைகளைக் காணும்போது அவற்றைச் செதுக்கிய கைகளையும் எண்ணிப் பார்க்கும் வழக்கம் பலருக்கு அப்புதினத்தால் வந்தது.

இரண்டாவது நிறை, ஆவணங்கள் பேசாதவர்களைப் பேசவைத்தல். கல்வெட்டுகள் பெரும்பாலும் மன்னரின் வெற்றியையும் கோயிலுக்கு அளித்த கொடையையும் கூறுகின்றன. போரின்போது சிற்பி என்ன ஆனான், மகளைப் பிரிந்த தந்தை எவ்வாறு வாழ்ந்தான் என்பவற்றை அவை கூறுவதில்லை. அந்த வெற்றிடத்தைப் புதினம் நிரப்புகிறது. ஆயனர் என்ற பெயரில் ஒருவர் வாழாமல் இருக்கலாம். ஆயினும் போரினால் உளியை இழந்த சிற்பிகள் இருந்திருக்க மாட்டார்கள் என்று எவரும் கூற இயலாது.

மூன்றாவது நிறை, மொழியையும் நிலத்தையும் அறிமுகம் செய்தல். அகழி, கோட்டை வாயில், தாமரைக்குளம், பாறைச் சிற்பம் ஆகியவை கதையோடு சேர்ந்து மனத்தில் பதிகின்றன. தமிழ்நாட்டிற்கு வெளியே வளரும் பிள்ளைகளுக்கு இது பெரும் பயன்.

குறைகள்

முதலாவது குறை, உண்மையும் கற்பனையும் பிரித்தறிய இயலாதபடி கலந்திருத்தல். மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன், புலிகேசி, திருநாவுக்கரசர் ஆகியோர் வரலாற்று மாந்தர். படைத்தலைவர் பரஞ்சோதி வாதாபியை அழித்த செய்தி, சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில் சிறுத்தொண்டர் வரலாற்றில் உள்ளது. சிவகாமியும் ஆயனரும் நாகநந்தி அடிகளும் ஆசிரியரின் படைப்புகள். படிப்பவர் மனத்தில் இவர்கள் அனைவரும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். இதனால் வாதாபிப் போருக்குக் காரணம் ஒரு பெண்ணின் சபதமே எனச் சிலர் நம்புகின்றனர். அச்சபதத்திற்கு வரலாற்றுச் சான்று இல்லை.

இரண்டாவது குறை, ஒரு பக்கத்தை மட்டும் நெருக்கமாகக் காட்டுதல். கதை காஞ்சியில் பிறந்து காஞ்சியின் கண்களால் காண்கிறது. சிற்பிகளின் கைகால்களை வெட்டுமாறு புலிகேசி ஆணையிடுவதாக வரும் பகுதி ஆசிரியரின் கற்பனை. வாதாபி எரிந்த இரவில் அந்நகரத்துத் தாய்மாரும் பிள்ளைகளும் பட்ட துன்பம், காஞ்சியின் துன்பம் போல நம் நெஞ்சில் தங்குவதில்லை.

மூன்றாவது குறை, ஆசிரியர் விரும்பிய இடத்தில் கதை முடிந்துவிடுதல். வரலாறு அங்கு முடிவதில்லை.

இரு பக்கத்துக் கற்கள்

வாதாபி இன்று பாதாமி என வழங்குகிறது. அது கர்நாடகத்தின் பாகல்கோட்டை மாவட்டத்தில் உள்ளது. அதற்கு அருகிலுள்ள ஐஹொளேயின் மேகுடிக் கோயிலில் ரவிகீர்த்தி என்னும் புலவர் இயற்றிய வடமொழிக் கல்வெட்டு உள்ளது. சக ஆண்டு 556, அதாவது கி.பி. 634–635 அதன் காலம். வட இந்தியப் பேரரசன் ஹர்ஷனைப் புலிகேசி வென்றதை அது பாடுகிறது. அவனது படை எழுப்பிய புழுதிக்கு அஞ்சிப் பல்லவ மன்னன் காஞ்சி மதிலுக்குள் ஒளிந்தான் என்றும் கூறுகிறது.

பல்லவரின் கூரம் செப்பேடு இதற்கு மறுமொழி போல அமைந்துள்ளது. பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் நரசிம்மவர்மன் வென்றான் என்றும், புறங்காட்டிய புலிகேசியின் முதுகில் வெற்றி என்னும் சொல்லை எழுதினான் என்றும் அது புகழ்கிறது. கி.பி. 642 அளவில் வாதாபி வீழ்ந்தது. நரசிம்மவர்மனின் கல்வெட்டு பாதாமியிலேயே ஒரு பாறையில் உள்ளது. ‘வாதாபி கொண்ட’ என்னும் பட்டமும் அவனுக்கு அமைந்தது.

கல்வெட்டுகளும் புகழ்ச்சி கூறுவதை இங்குக் காணலாம். ஆனால் இரு தரப்பும் எழுதியிருப்பதால் ஒன்றை மற்றொன்றுடன் ஒப்பிட்டு எடைபோட முடிகிறது. எத்தரப்பையும் சாராத சான்றும் ஒன்று உண்டு. அக்காலத்தில் இந்தியாவிற்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங், காஞ்சியைப் பற்றியும் எழுதினார். புலிகேசியைப் பற்றியும் எழுதினார். புலிகேசியைப் பரந்த உள்ளம் உடையவன் என்றும், குடிமக்கள் அவனிடம் பற்றுடன் இருந்தனர் என்றும் குறிப்பிட்டார்.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டிற்குப் பின், சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைப்பற்றினான். அவன் நகரை எரிக்கவில்லை. கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கண்டு வியந்து, அதனைக் கோயிலுக்கே திருப்பி அளித்தான். இச்செய்தியைக் கூறும் கன்னடக் கல்வெட்டு இன்றும் அக்கோயில் தூண் ஒன்றில் உள்ளது. அவனது வெற்றியின் நினைவாக அரசி லோகமகாதேவி பட்டதக்கல்லில் எழுப்பிய விருபாட்சர் கோயில், காஞ்சிக் கைலாசநாதர் கோயிலின் அமைப்பை ஒத்தது. பல்லவன் எழுத்து பாதாமியிலும் சாளுக்கியன் எழுத்து காஞ்சியிலும் இருப்பதை அறிந்தவர், அக்காலப் போரைத் தமிழருக்கும் கன்னடருக்கும் நடந்த போர் எனக் கருதமாட்டார். அது இரு அரச குலங்களின் போர்.

படிக்கும் முறை

புதினம் அன்பை ஊட்டுகிறது. அதுவே அதன் வலிமை. ஒரு பக்கத்தின்மீது மட்டும் அன்பை ஊட்டும்போது அதுவே அதன் குறையாகவும் மாறுகிறது. ஆகவே வரலாற்றுப் புதினத்தைப் படிப்போர் மூன்று வினாக்களை மனத்தில் கொள்ள வேண்டும். இம்மாந்தருக்குச் சான்று உண்டா? இக்கதை யாருடைய கண்களால் காண்கிறது? கதை முடிந்த பின் என்ன நடந்தது? இவ்வினாக்களுடன் படிப்பவர் சிவகாமிக்காகக் கண்ணீர் சிந்தலாம். புலிகேசி நகரில் வாழும் நண்பரோடு பாதாமிக் குகைகளைக் கண்டு மகிழவும் செய்யலாம்.

அருஞ்சொற்பொருள்

சூளுரைத்தல் – சபதம் செய்தல்
அகழி – கோட்டையைச் சூழ்ந்த நீர்ப்பள்ளம்
செப்பேடு – செப்புத் தகட்டில் பொறித்த ஆவணம்
புறங்காட்டுதல் – போரில் தோற்று ஓடுதல்

பயிற்சி

அ. பிரித்து எழுதுக: செப்பேடு, அக்காலம், கல்வெட்டு.

ஆ. சிவகாமி, பரஞ்சோதி, ஆயனர், நரசிம்மவர்மன், நாகநந்தி, ரவிகீர்த்தி ஆகியோரை வரலாற்று மாந்தர், கற்பனை மாந்தர் என இரு பிரிவாக எழுதுக.

இ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. ஐஹொளேக் கல்வெட்டும் கூரம் செப்பேடும் எவ்வாறு மாறுபடுகின்றன?
2. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் கன்னடக் கல்வெட்டு இடம்பெற்றதன் காரணம் யாது?

ஈ. கன்னடம் பேசும் நண்பர் ஒருவரிடம் புலிகேசியைப் பற்றிக் கேட்டறிக. அவர் கூறியதையும் இப்பாடத்தில் படித்ததையும் ஒப்பிட்டுப் பத்து வரிகளில் எழுதுக.

உ. வாதாபி எரிந்த நாளில் அந்நகரில் வாழ்ந்த ஒரு சிறுமி கூறுவதாக ஒரு பத்தி எழுதுக. அதில் எவை சான்றுள்ள செய்திகள், எவை கற்பனை என அடிக்கோடிட்டுக் காட்டுக.