முக்தியில் இறங்கிய அக்கினி



பெந்தெகொஸ்தே எழுப்புதல் எங்கே ஆரம்பித்தது என்று நம்ம வாலிபரைக் கேட்டால், "1906, லாஸ் ஏஞ்சல்ஸ், அசூசா தெரு" என்று டக்கென்று சொல்லிவிடுவார்கள். சந்தோஷம். ஆனால் முந்தின வருஷமே நம்ம தேசத்தில், பூனாவுக்குப் பக்கத்தில் கேட்காவ் என்ற ஊரில் ஆவியானவர் இறங்கினாரே, அது எத்தனை பேருக்குத் தெரியும்? அதுவும் விதவைகள், அநாதைப் பெண்கள் நடுவில்!

அந்த இல்லத்தை நடத்தியவர் பண்டித ரமாபாய் (1858–1922). பிராமண சாஸ்திரியின் மகள். பெண்ணுக்குச் சமஸ்கிருதமா என்று ஊர் எதிர்த்த காலத்தில் பெற்றோரிடமே கற்றவர். பஞ்சத்தில் தாய் தகப்பனை இழந்தார். கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் புருஷனையும் இழந்தார். 1883-ல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். ஆனால் மார்க்கம் கிடைத்ததே தவிர கிறிஸ்து கிடைக்க இன்னும் எட்டு வருஷம் ஆனது என்று அவரே சாட்சி எழுதியிருக்கிறார். ஞானஸ்நான சர்டிபிகேட்டைப் பெட்டியில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

1896-97 பஞ்சத்தில் சாகக் கிடந்த நூற்றுக்கணக்கான பெண் பிள்ளைகளை மத்திய மாகாணத்திலிருந்து அழைத்து வந்தார். 1905 ஜனவரியில், எழுப்புதலுக்காகத் தினமும் ஜெபிக்க யார் வருகிறீர்கள் என்று கேட்டார். 70 பேர் வந்தார்கள். ஜூன் மாதத்துக்குள் 550 பேர்! ஜூன் 29 விடியற்காலையில் ஒரு பெண்மேல் அக்கினியைக் கண்ட இன்னொரு சகோதரி, நிஜமாகவே தீப்பிடித்துவிட்டது என்று வாளித் தண்ணீர் எடுக்க ஓடினாராம். ஊற்றப்போகும்போதுதான் அவள் எரியவில்லை என்று தெரிந்தது. பிறகு பாவ அறிக்கை, அழுகை, அந்நிய பாஷை. ஆனால் அந்நிய பாஷை ஒன்றே அடையாளம் என்று அம்மையார் போதிக்கவில்லை. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

உடன் ஊழியர் மின்னி ஆபிரகாம்ஸ் 1906-ல் எழுதிய சிறு புத்தகம் சிலி தேசத்துக்குப் போனது. ஹூவர் என்ற மிஷனரி தம்பதி அதை வாசித்து ஜெபித்தார்கள். 1909-ல் அங்கேயும் எழுப்புதல்!

சகோதரிகள் பேசலாமா கூடாதா என்று நம்ம கமிட்டியில் இன்னும் விவாதம். அப்போஸ்தலர் 2:17,18 வாசியுங்கள். ரமாபாய் அம்மையார் எபிரெயு, கிரேக்கு படித்து வேதாகமத்தை எளிய மராத்தியில் மொழிபெயர்த்தார். முக்தி அச்சகத்தில் அச்சடித்ததும் அந்தப் பெண்களே.