குரலில் இல்லாத சுருதி, காதில் இருக்கிறது

எட்டாம் வகுப்பு ஒலியியல் பாடத்தில் அதிர்வெண், வீச்சு, அலைநீளம் என்று கரும்பலகை நிறைந்துவிடுகிறது. அந்த அதிர்வுகளைக் காது எப்படி இசையாகக் கேட்கிறது என்பதற்கு நேரம் கிடைப்பதில்லை. சாகுபுரத்தில் என் வகுப்பில் இதற்கென்றே ஒரு பாடவேளையை ஒதுக்கினேன். ஒரு பறையும், ஆறுமுகநேரியில் பஜனை பாடுவோரிடம் இரவல் வாங்கிய ஒரு மிருதங்கமும் போதுமானவையாக இருந்தன.

மாணவர்கள் கண்களை மூடி, ஒவ்வோர் அடிக்குப் பிறகும் காதில் விழுந்த சுரத்தை 'ம்ம்' என்று முனக வேண்டும். பறைக்கு ஆளுக்கொரு சுரம் வந்தது. மிருதங்கத்தின் வலந்தலையைத் தட்டியபோது பெரும்பாலான குரல்கள் ஒன்றாகச் சேர்ந்தன.

காரணத்தைச் சொன்னவர் திருச்சியில் பிறந்த சர் சி.வி. இராமன். ஒளிச்சிதறலுக்கு நோபல் பரிசு பெறுவதற்குப் பத்தாண்டுகள் முன்பே, 1920-இல், சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் இதைப் பற்றி எழுதினார். சீரான தோலின் அடிப்படை அதிர்வெண்ணை 1 என்று கொண்டால் அடுத்தவை 1.59, 2.14, 2.30 என்று ஒழுங்கின்றி வரும். நடுவில் பூசப்பட்ட கரணையின் எடை அவற்றை முழு எண் விகிதத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவருகிறது. அப்படி வரும் அதிர்வெண்களை நம் மூளை ஒரே சுரமாகச் சேர்த்துக் கேட்கிறது. கரணையைப் படலம் படலமாகத் தேய்த்து ஏற்றும் கைவினைஞர்கள் இதைக் காதை மட்டும் நம்பிச் சாதித்தவர்கள். இதைச் சொல்லாமல் இந்தப் பாடத்தை முடிக்கக் கூடாது என்பேன்.

மூன்று மாணவர்களின் முனகல் மட்டும் மிருதங்கத்தோடு சேரவில்லை. "எங்களுக்குப் பாட்டு வராது சார், வாயை மட்டும் அசைக்கச் சொல்லியிருக்காங்க" என்றான் ஒருவன். பல பள்ளிகளில் வழிபாட்டுக் கூட்டத்தின்போது நடப்பதுதான். அந்த மூவருக்கும் குரல் தேவைப்படாத சோதனை ஒன்று வைத்தேன். ஆர்மோனியத்தில் இரண்டு சுரங்கள். இரண்டாவது உயர்ந்தால் கையை உயர்த்த வேண்டும், தாழ்ந்தால் இறக்க வேண்டும். பத்து இணைகளில் ஒன்றிரண்டே தவறின.

இசையுணர்வை இன்று இயற்பியல், உளவியல், நரம்பியல் துறையினர் சேர்ந்து ஆராய்கிறார்கள். போர்ட்ரெஷர், பிரௌன் ஆகியோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், சுருதி விலகிப் பாடிய பெரியவர்கள் சுர வேறுபாட்டை மற்றவர்களைப் போலவே கண்டறிந்தனர். கேட்டதைக் குரலுக்குக் கொண்டுசெல்வதில்தான் சிக்கல். சுரங்களைப் பிரித்தறிய முடியாத பிறவிக் குறை உண்டு, ஆனால் அது அரிது.

உங்கள் வகுப்பிலும் முதலில் கை அசைவால் சோதித்துப் பாருங்கள். பிறகு மாணவர் இயல்பாக முனகும் சுரத்தை நீங்கள் ஆர்மோனியத்தில் தேடிப் பிடியுங்கள். அங்கிருந்து ஒவ்வொரு கட்டையாக மேலே ஏறலாம். நாளுக்கு ஐந்து நிமிடம் போதும். என் மூவரில் ஒருவன் இப்போது நான்கு கட்டைகள் ஏறியிருக்கிறான்.