வேலைப் பாடம்: ஸ்டேப்பிள் கன் பிடிக்க முன்



வேலை அனுமதி கிடைத்த பிறகு ஹொல்ஸ்டெப்ரோப் பக்கத்தில் சோபா, கதிரை, மரப்பெட்டி செய்யும் இடத்துக்கு நீங்கள் போகக்கூடும். அங்கே கையில் தரும் சாமான்களில் ஒன்று மின்சார ஸ்டேப்பிள் கன். டெனிஷில் ஹெஃப்டெபிஸ்டோல் என்பார்கள். கந்தோரில் கடதாசி குத்தும் ஸ்டேப்ளர் மாதிரி என்று நினையாதேங்கோ. மரத்துக்குள் இறங்கும் கம்பி விரலுக்குள்ளும் இறங்கும்.

தொடங்க முன்

1. வயரையும் பிளக்கையும் பாருங்கோ. இங்கத்தைய மின்சாரம் 230 வோல்ட். வயர் வெடித்திருந்தால் பாவிக்காமல் பொறுப்பாளரிடம் காட்டுங்கோ.

2. பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கோ. மரக்கணுவிலோ பழைய ஆணியிலோ பட்டால் கம்பி திரும்பித் தெறிக்கும்.

வேலை செய்யும்போது

3. மற்றக் கையைக் கன்னின் வாய்க்கு நேரே, பலகைக்குப் பின்னால் வைக்க வேண்டாம். மெல்லிய பலகை என்றால் கம்பி மறுபக்கம் வரும்.

4. அடிக்காத நேரம் விசையில் விரல் வேண்டாம். பகிடிக்கும் ஆளுக்கு நேரே நீட்டக்கூடாது.

5. கம்பி சிக்கினால் அவசரப்படாதேங்கோ. முதலில் பிளக்கைக் கழற்றுங்கோ, பற்றரிக் கன் என்றால் பற்றரியை. பிறகு மிச்சக் கம்பிகளை வெளியே எடுங்கோ. அதற்குப் பிறகுதான் சிக்கியதைக் குறட்டால் இழுக்கலாம்.

தெரியாவிட்டால் கேளுங்கோ

தலையாட்டிவிட்டு வேலையைத் தொடங்குவதுதான் எங்கட ஆக்கள் விடும் பிழை. ஆபத்தில்லாமல் வேலை செய்யும் முறையைச் சொல்லித் தருவது டெனிஷ் சட்டப்படி முதலாளியின் கடமை. இதைக் கண்காணிப்பது ஆர்பைட்ஸ்டில்சூனெட் என்ற அரச அலுவலகம். "கான் டூ வீஸெ மை டே?" என்று கேளுங்கோ. "எனக்குக் காட்டித் தருவீங்களா?" என்பது கருத்து. இதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

காயம் பட்டால்

ஆழமாக ஏறிய கம்பியை, முக்கியமாக விரல் மூட்டில் ஏறியதை, நீங்களே பிடுங்க வேண்டாம். வைத்தியரிடம் போங்கோ. முகாமில் இருப்பவர்கள் அங்குள்ள தாதியிடம் சொல்லுங்கோ. ஏற்பு ஊசி தேவையா என்றும் கேளுங்கோ. உயிராபத்து என்றால் 112.

வேலை போய்விடும், கேஸ் பழுதாகும் என்று பயந்து காயத்தை மறைக்காதேங்கோ. வேலைக் காயத்தை அறிவிப்பது வேறு, அகதி விண்ணப்பம் வேறு. முதலாளி அறிவிக்காவிட்டால் 1 வருடத்துக்குள் நீங்களே அறிவிக்கலாம். திகதி, நேரம், பக்கத்தில் நின்றவரின் பெயர் மூன்றையும் அன்றைக்கே எழுதி வையுங்கோ.

உழைக்கிற கை இரண்டும் முழுசாய் இருக்க வேணும். அதுதான் எங்கட முதல்.