விற்பனைச் சொல்லும் காலமறிதலும்

வள்ளுவர் அரசர்க்கு வகுத்த காலமறிதல் வணிகர் சொல்லுக்கும் வேண்டும் என்பதை நாம் இரு சான்றுகளால் விளக்குவாம்.

2013 பெப்ரவரி 3ஆம் நாள், அமெரிக்காவின் நியூ ஓர்லியன்சு நகரில் நிகழ்ந்த பெரும் உதைபந்தாட்டப் போட்டி மின்தடையால் 34 நிமிடம் நின்றது. அவ்வேளையிலே, இருளிலும் விசுக்கோத்தைத் தோய்த்துண்ணலாம் எனும் கருத்துப்பட ஓரியோ நிறுவனத்தார் டுவிற்றரில் விடுத்த ஒரு வரியைப் பலரும் வியந்து பரப்பினர். 2011இல் கெய்ரோ மக்கள் உயிரையும் பொருட்படுத்தாது ஆட்சியை எதிர்த்தெழுந்தபோது, அவ்வாரவாரம் தம் புதிய ஆடைவரவு கேட்டெழுந்ததென நகையாடிய அமெரிக்க வணிகர் ஒருவரோ மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

இருவரும் அன்றைய செய்தியையே பற்றினர், வேற்றுமை யாது? முன்னது யாவரும் ஒருங்கே நகைக்கத்தக்க சிறு தடை; பின்னது பிறர் உயிர்த்துயர். ஆதலின் மாணவரே, செய்தியைச் சொல்லுக்கு வாயிலாகக் கொள்ளுமுன், அவ்வாயிலின் அகத்தே அழுவார் உளரோ என நோக்குக.